கணக்கேட்டின் வழியே வந்த சொற்கள்

எல்லைப்புறச் சரித்திரம் – 9

சென்ற இதழில், 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை வீழ்ந்து திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே உயிர்நீத்த பிறகு, வென்றவர்கள் மைசூர் ராஜ்யத்தைப் பங்கிட்டுக்கொண்ட வரலாற்றையும், அந்தப் பங்கீட்டில் ஆனேக்கல் உடையார் வம்சத்துக்கும் ஓசூர் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கும் உரியதாகி, அத்திப்பள்ளிக்கும் ஜூஜுவாடிக்கும் நடுவே இன்றளவும் அழியாத ஓர் எல்லைக்கோடு விழுந்த விதத்தையும் விவரித்தோம். கோட்டைகள் கைமாறிய கதை அவ்வளவில் முடிந்தது. ஆயினும், மறைந்துபோன ஒரு ராஜ்யம் பின்னால் விட்டுச்செல்லும் ஆஸ்திகளில் கோட்டை கொத்தளங்களைக் காட்டிலும் ஆயுள் மிகுந்தவை சொற்களே ஆதலால், இந்தப் பிரதேசத்தின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் அவற்றைப் பற்றி ஓர் அத்தியாயமேனும் எழுதாமல் மேலே செல்வது முறையாகாது. வசூல், பாக்கி, ரசீது, ஜாமீன், வாரிசு, வக்கீல், தாசில்தார் என்று நாள்தோறும் நம் நாவில் புரளும் சொற்கள் அரேபியாவிலும் பாரசீகத்திலும் பிறந்து, இந்த மேட்டுநிலத்தில் ஏர் உழுதவனின் வீட்டு வாசல் வரையில் வந்து சேர்ந்தது எவ்வாறு என்பதே இந்தப் பகுதியின் விஷயம்.

இதைத் தெளிவாக அறிந்துகொள்வதற்கு முன்னால் ஒருமுறை இங்கிலாந்து வரையில் போய்வருவது நல்லது. ஏனெனில் நமக்கு நேர்ந்தது அந்தத் தேசத்தாருக்கு ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நேர்ந்திருக்கிறது. 1066-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி ஹேஸ்டிங்ஸ் என்ற இடத்தில் நிகழ்ந்த யுத்தத்தில் ஆங்கிலேய அரசன் ஹெரால்டு மாண்டு, பிரான்ஸின் வடபகுதியான நார்மண்டியின் பிரபு வில்லியம் இங்கிலாந்தின் அரசுரிமையைக் கைப்பற்றினான். அன்று முதல் பல தலைமுறைகள் வரையில் அரண்மனையிலும் நியாயஸ்தலத்திலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் வழங்கிய பாஷை பிரெஞ்சு. உழுகிறவனும் மாடு மேய்ப்பவனும் பேசியது பழைய ஆங்கிலம். ஜட்ஜ், ஜூரி, கோர்ட்டு, டாக்ஸ், ரெண்ட், கவர்ன்மெண்ட், பார்லிமெண்ட் என்று நாம் ஆங்கிலச் சொற்களாக எண்ணி வழங்குகிறவை எல்லாம் அந்தப் பிரெஞ்சுப் பிரபுக்கள் விட்டுச்சென்றவை. மண், நீர், சூரியன், ரொட்டி, தாய், தந்தை ஆகியவற்றுக்கு ஆங்கிலேயர் தம் பழைய சொற்களையே வைத்துக்கொண்டனர். தொழுவத்தில் நிற்கும்வரை ஆங்கிலப் பெயர் தாங்கிய மாடும் பன்றியும், பிரபுவின் உணவு மேஜைக்குப் போனவுடன் பிரெஞ்சுப் பெயர் பெற்றுவிடுகின்றன என்பதை வால்டர் ஸ்காட் தமது ‘ஐவன்ஹோ’ நாவலில் ஒரு விகடன் வாயிலாகச் சொல்லிக் காட்டியிருப்பதை வாசகர்களில் சிலர் படித்திருக்கலாம்.

இவ்வளவும் பலரும் அறிந்ததே. அதிகம் பேர் கவனியாத செய்தி ஒன்று உண்டு. நமக்கு வேண்டியதும் அதுவே. வில்லியம் வென்ற தலைமுறையிலும் அதற்கு அடுத்த தலைமுறையிலும் ஆங்கிலத்தில் புகுந்த பிரெஞ்சுச் சொற்கள் மிகக் குறைவு. டென்மார்க் தேசத்துப் பாஷா சாஸ்திரியான ஆட்டோ யெஸ்பர்சன், ஆயிரம் பிரெஞ்சுச் சொற்களை எடுத்துக்கொண்டு, அவை ஆங்கில நூல்களில் முதன்முதலாகத் தலைகாட்டும் காலத்தைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, அவற்றின் பெருவெள்ளம் 1250-க்கும் 1400-க்கும் இடைப்பட்ட காலத்தில்தான் பாய்ந்தது என்று தெரியவந்தது. அந்தக் காலமோ, பிரெஞ்சு மொழி அந்நாட்டில் தளர்ந்து வந்த காலம். 1204-இல் நார்மண்டி ஆங்கில அரசர் கையைவிட்டுப் போயிற்று; 1362-இல் நியாயஸ்தலங்களில் ஆங்கிலத்திலேயே வழக்காட வேண்டும் என்று சட்டம் பிறந்தது; அந்தச் சட்டமும் பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது. ஆளும் வர்க்கத்தார் தம் பாஷையை விட்டுவிட்டுக் குடிகளின் பாஷைக்கு மாறிய சமயத்தில், தம்முடைய உத்தியோகச் சொற்களை எல்லாம் மூட்டையாகக் கட்டிக்கொண்டு உடன் வந்தார்கள். வாள் வந்த வேகத்தில் சொல் வருவதில்லை. வாள் உறைக்குள் போய், எழுத்தன் கணக்கேட்டைப் பிரித்து உட்கார்ந்த பிறகே அது ஜனங்களிடம் வந்து சேருகிறது என்பது அந்தத் தேசத்துச் சரித்திரம் தரும் பாடம். நம்முடைய பாலகாட்டுப் பிரதேசத்தின் சரித்திரமும் இதையே சொல்கிறது.

பாரசீகச் சொல் இங்கே வேர்கொண்டதற்குப் பாலகாட்டு என்ற பெயரே முதற்சாட்சி. பழைய சேலம் ஜில்லாவை மூன்று நிலப்பகுதிகளாகப் பிரித்துத் தலகாட்டு, பாராமகால், பாலகாட்டு என்று வழங்கினார்கள். ‘பாலா’ என்பது மேலே என்று பொருள்படும் பாரசீகச் சொல்; ‘காட்’ என்பது மலைக்கணவாய். ஆகவே, கணவாய்களுக்கு மேலே பீடபூமியாகப் பரந்து கிடக்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஜூஜுவாடிப் பக்கங்களுக்குப் பாலகாட்டு என்று பெயர் வாய்த்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி சார்ந்த நடுநிலத்துக்குப் பாராமகால் என்ற பெயர் வந்ததற்கு, அங்கிருந்த பன்னிரண்டு கோட்டைகளைக் காரணமாகச் சொல்வது மரபு. செவிடபாடி என்று கல்வெட்டில் பெயர் கொண்டிருந்த ஊர், கன்னடத்தில் புதிய ஊர் என்று பொருள்படும் ஹொசூராகிப் பின்னர் ஓசூரானதையும், அந்த ஊரைச் சுற்றிய நிலம் பாரசீகப் பெயர் தாங்கியதையும் சேர்த்துப் பார்க்கும்போது, ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனை ராஜ்யங்கள் இந்த மண்ணில் படிந்திருக்கின்றன என்பது விளங்கும்.

இந்தச் சொற்கள் தெற்கே இறங்கிய பாதைகள் பல. 1638-ஆம் ஆண்டு பீஜப்பூர் சுல்தானின் சேனாதிபதி ரணதுல்லா கான் பெங்களூரைக் கைப்பற்றினான். அவனுடன் வந்த ஷாஜி போன்ஸ்லேக்கு அந்தப் பிரதேசம் ஜாகீராகக் கிடைத்தது. சத்ரபதி சிவாஜியின் தந்தையான இந்த ஷாஜியின் காலத்தில் மராத்தி அறிந்த கணக்கர்களும் பாரசீகம் அறிந்த முன்ஷிகளும் மைசூர்ச் சீமையில் குடியேறினார்கள். தஞ்சையில் மராட்டியரும், ஆர்க்காட்டில் நவாபும் அரசு செலுத்திய காலத்தில் அந்தந்த வழியாகவும் இவை புகுந்தன. 1761-இல் மைசூரின் அதிகாரத்தைக் கைக்கொண்ட ஹைதர் அலியும், அவருக்குப் பின் வந்த திப்புவும் ஆண்ட காலத்தில், முக்கியமாகத் திப்புவின் ஆட்சியில், அரசாங்கக் காரியங்களில் பாரசீகம் முதலிடம் பெற்றது. இத்தனையும் உண்மை, எனினும் இவர்கள் காலத்தில் இந்தச் சொற்களில் பெரும்பாலானவை கச்சேரிக்குள்ளும் கோட்டைக்குள்ளும் நின்றுவிட்டன என்பது எம்முடைய அபிப்பிராயம். காரணம் எளிது. அக்காலத்தில் கிராமம் முழுவதற்கும் சேர்த்து ஒரு தொகை விதிக்கப்படும். அதை ஊர்த் தலைவனோ, குத்தகை எடுத்தவனோ வாங்கிக் கட்டுவான். உழுதவனுக்கும் அரசனுடைய கணக்கேட்டுக்கும் நேர் சம்பந்தம் இல்லை. விளைச்சலில் இவ்வளவு கொடு என்று ஊர்க் கவுண்டர் சொன்னால் அவன் அளந்து கொடுத்துவிட்டுப் போவான். பாரசீகச் சொல் ஊர்க் கவுண்டரின் திண்ணையோடு நின்றுவிடும்.

அந்தத் திண்ணையைத் தாண்டி அது நடந்த வரலாறு 1792-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு மார்ச் மாதத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு தம் ராஜ்யத்தில் பாதியை இழந்தபோது, பாலகாட்டு நீங்கலாகச் சேலமும் பாராமகாலும் கும்பினியார் வசமாயின. அவற்றை நிர்வகிக்க அனுப்பப்பட்டவர் காப்டன் அலெக்சாண்டர் ரீட்; அவர் திருப்பத்தூரில் தங்கினார். அவருக்கு உதவியாக வந்த இளம் ராணுவ உத்தியோகஸ்தர்களில் ஒருவரான தாமஸ் மன்றோ தருமபுரியில் ஏழாண்டுகள் இருந்தார். 1820 முதல் 1827-இல் மரணமடையும்வரை சென்னை மாகாணத்தின் கவர்னராக விளங்கியவர் இவரே. குத்தகைக்காரனையும் பாளையக்காரனையும் நடுவில் வைக்காமல், ஒவ்வொரு வயலையும் அளந்து, ஒவ்வொரு குடியானவனிடமும் நேராக வரி வாங்கும் முறையை இவர்கள் இந்தப் பாராமகால் மண்ணிலேதான் முதன்முதலாக உருவாக்கினார்கள். ரயத்துவாரி என்று பெயர் பெற்ற அந்த முறை பின்னர் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியிலும் பம்பாய் மாகாணத்திலும் பரவியது. 1799-க்குப் பிறகு ஓசூர்ப் பக்கமும் கும்பினியார் கைக்கு வந்தபோது ஜூஜுவாடிக் குடியானவனும் அந்தக் கணக்கேட்டில் ஏறினான்.

இங்கே வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். வயலை அளந்தவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்கள் எழுதிவைத்த சொற்களோ ஆங்கிலமல்ல. இந்த நாட்டில் அரசு செலுத்த வேண்டுமானால் பாரசீகம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கொள்கையில் வளர்ந்தவர்கள் அவர்கள். மன்றோ பாரசீகத்தை முயன்று கற்றவர். அவர்கள் கைக்குக் கிடைத்தவை முந்தைய ஆட்சியின் கணக்குகள். அவர்களிடம் வேலைக்கு அமர்ந்தவர்களும் அந்தக் கணக்குகளை எழுதிப் பழகிய சிரஸ்தார்களும் குமாஸ்தாக்களுமே. ஆகவே, பழைய சொற்களை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வேறுபாடு என்னவென்றால், முன்பு ஊருக்கு ஒருவர் அறிந்திருந்த சொற்களை இப்போது ஊரில் நிலம் உள்ள ஒவ்வொருவரும் அறிய வேண்டியதாயிற்று. இவ்வளவு புஞ்சைக்கு இவ்வளவு தீர்வை, அதை இத்தனை கிஸ்தியாகக் கட்ட வேண்டும், கட்டினால் ரசீது, கட்டாவிட்டால் பாக்கி, பாக்கி ஏறினால் ஜப்தி, ஜப்திக்கு வருபவர் அமீனா, அவரைத் தடுக்க வேண்டுமானால் வக்கீல் என்று, வீட்டுக்கு வீடு அந்தச் சொற்கள் தேவைப்பட்டன. பாரசீகம் பேசிய அரசர்கள் நாற்பது ஆண்டுகளில் செய்யாததை, பாரசீகம் பேசாத ஒரு வியாபாரக் கும்பினி காகிதத்தின் பலத்தால் செய்து முடித்தது. அந்தக் கும்பினி என்ற சொல்லும், ஒரே ரொட்டியைப் பகிர்ந்து உண்ணும் கூட்டாளிகள் என்ற பொருளில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் கடன் வாங்கி வைத்திருந்ததுதான். அவர்கள் ஜில்லாவின் தலைமையில் அமர்த்திய கலெக்டர் என்ற பெயரும் ஆங்கிலத்துக்குச் சொந்தமானதன்று. லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கலெக்டர் என்றாலும் தண்டுபவர். தாசில் என்ற அரபுச் சொல்லுக்கும் தண்டுதல் என்றே பொருள். ஆக, மேலே இருந்தவரும் கீழே இருந்தவரும் இருவேறு கண்டத்துப் பாஷைகளில் ஒரே பெயரைத் தாங்கிக்கொண்டு, ஒரே குடியானவன் வாசலில் வந்து நின்றார்கள்.

1816-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம், கிராமத் தலைவர்களுக்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தையும் அதனுடன் முன்சீப் என்ற பட்டத்தையும் அளித்தது. நியாயம் வழங்குபவர் என்பது அந்த அரபுச் சொல்லின் அர்த்தம். ஓசூருக்கு அருகேயுள்ள தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி பிறந்து, பிற்காலத்தில் சுதந்திர பாரதத்தின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்த ராஜாஜியின் தந்தை சக்கரவர்த்தி வேங்கடார்யர் அந்தக் கிராமத்தின் முன்சீப்பாக இருந்தவர். வைஷ்ணவ ஆசாரத்தில் ஊறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் தலைவரை, தெலுங்கும் கன்னடமும் பேசிய கிராமத்தார் அரபுச் சொல்லால் அழைத்தனர். இதில் அவர்களில் ஒருவருக்கும் விசித்திரம் ஏதும் தோன்றியிராது. ஒரு சொல் இரண்டு தலைமுறை வாயில் புழங்கிவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பவர் இல்லை.

புழங்கும்போது அது பழைய உருவத்தோடும் பழைய பொருளோடும் இருப்பதில்லை என்பதைத்தான் நாம் முக்கியமாகப் பார்க்க வேண்டும். நம்பி ஒப்படைத்த பொருளைக் குறிக்கும் ‘அமானத்’ என்ற அரபுச் சொல், எழுத்து இடம் மாறி நம்மிடம் அனாமத்தாகி, கணக்கில் சேராமல் தனியே கிடக்கும் பணத்துக்குப் பெயராயிற்று. ஹாஜிர் ஆஜராயிற்று, பிர்க்கா ஆனது ‘ஃபிர்கா’ என்ற பிரிவு. ‘வாதா’ என்றால் வாக்குறுதி. இன்ன தேதிக்குள் கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துத் தவணை கேட்டவன் வாயில் அது வாய்தாவாகி, கோர்ட்டில் வழக்கைத் தள்ளிப்போடுவதற்கும் அந்தப் பெயரே நிலைத்தது. வழக்கமாக நடப்பது என்ற பொருளில் வந்த மாமூல், வழக்கமாகக் கைமாறும் பணத்தையும் குறித்தது; சம்மதப் பத்திரம் என்று பொருள்படும் ராஜினாமா, பம்பாய் மாகாணத்தில் நிலத்தை விட்டுவிடும் குடியானவன் எழுதித் தந்த பத்திரத்துக்குப் பெயராகி, நம்மிடம் உத்தியோகத்தை விடுவதைக் குறித்து நின்றது. இவை எல்லாவற்றிலும் எமக்கு மிகவும் அருமையாகத் தோன்றுவது சுமார் என்ற சொல். பாரசீகத்தில் ‘ஷுமார்’ என்றால் எண்ணிக்கை, கணக்கு. மராத்தியரின் ஏடுகள் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தபோது, எண்ணிப் பாராமல் தோராயமாகச் சொல்வதற்கு அது பெயராகிவிட்டது. வயலின் விளைச்சலைக் கண்ணால் மதிப்பிட்டு எழுதிய கணக்கர்கள், குடியானவர்கள் ஆகிய இரு திறத்தாரின் நீண்ட பழக்கமும் அந்த ஒரு சொல்லுக்குள் உறைந்து கிடக்கிறது. ஏரும் கலப்பையும், நஞ்சையும் புஞ்சையும், களமும் போரும், விதையும் நாற்றும் தமிழாகவே நின்றன. ஆங்கிலக் குடியானவனின் உழவுச் சொற்கள் பிரெஞ்சாகாமல் நின்றதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே: உழவுத் தொழிலின் நடுவே எந்த அரசாங்கத்து எழுத்தனும் வந்து உட்காரவில்லை, அவன் வந்தது அறுவடைக்குப் பின்னரே.

எல்லைப்புறமாகிய ஜூஜுவாடியில் இந்தச் சொற்களுக்குத் தமிழகத்தின் உட்பகுதிகளில் இல்லாத ஒரு பிரயோஜனமும் வாய்த்தது. இங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே கடைத்தெருவில் புழங்குகின்றன. நால்வருக்கும் பொதுவாக அமைந்தவை இந்தக் கணக்கேட்டுச் சொற்களே. பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பஞ்சர் கடை ஒன்றின் முன் மாலை வேளையில் சிறிது நேரம் நின்றால் இதைக் காதாரக் கேட்கலாம். தும்கூரிலிருந்து வந்த லாரி டிரைவர், “அண்ணா, ஹளே பாக்கி எஷ்டு?” என்று கேட்பார். கடைக்காரர், “ஜாஸ்தி இல்லண்ணா, போன தடவ ரசீதுலயே எழுதிக் குடுத்தனே” என்பார். “ரசீதி இல்லா அண்ணா, நகலு கொடி” என்று டிரைவர் சொல்ல, உள்ளே டயருக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருக்கும் தெலுங்குப் பையன் இருவரும் பேசியதைக் கேட்டுக் கணக்கு நோட்டை எடுத்துவருவான். டிரைவர் தமிழ் கற்றவரல்லர்; கடைக்காரருக்குக் கன்னடம் அரைகுறை; பாக்கியும் ஜாஸ்தியும் ரசீதும் நகலும் இருவருக்கும் சொந்தம். ஆதியில் வரி தண்ட வந்த சொற்கள், இந்த நாற்சந்தியில் வெவ்வேறு பாஷை பேசும் எளிய மனிதர்கள் ஒருவரையொருவர் நம்பிக் கொடுக்கல் வாங்கல் செய்வதற்கு ஏற்ற பொது நாணயமாகிவிட்டன.

எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரு சிறு வேற்றுமை மட்டும் நெடுங்காலம் இருந்துவந்தது. ஜூஜுவாடிப் பக்கம் தாலுகாவின் தலைவர் தாசில்தார். அத்திப்பள்ளிப் பக்கம், மைசூர் சமஸ்தானத்தில், அவரே அமில்தார். கிராமக் கணக்கு எழுதுபவர் இந்தப் பக்கம் கர்ணம்; அந்தப் பக்கம் சானுபோகர். அமில்தார் என்ற ஹைதர், திப்பு காலத்துப் பதவிப் பெயரை மைசூரார் விடாமல் காத்தார்கள். கும்பினியார் தாசில்தாரைத் தேர்ந்தார்கள். அந்த இரண்டு பெயர்களும் அரபு வேரிலிருந்து வந்தவையே.

பிரெஞ்சுக்காரர்கள் நம்மிடமே வந்து ஆண்டார்களே, அவர்களுடைய சொற்கள் என்னவாயின என்று வாசகர்கள் கேட்கக்கூடும். புதுச்சேரியில் 1674 முதல் 1954 வரையில், நடுவில் சில இடையீடுகளோடு, அவர்கள் கொடி பறந்தது. நகரசபை மாளிகையை ‘மேரி’ என்பதும், பிரெஞ்சுப் படையில் சேவை செய்து உபகாரச் சம்பளம் பெற்றவர்களைச் ‘சொல்தா’ என்பதுமாகச் சில சொற்கள் அந்த நகரத்தாரிடம் தங்கின. திண்டிவனத்தைத் தாண்டி அவை வரவில்லை. பிரெஞ்சு கவர்னரின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினாலும் பாரசீக வழிச் சொற்கள் மலிந்திருக்கக் காண்கிறோம். தமிழ்நாட்டின் வயல்வரியைப் பிரெஞ்சில் எழுதிய கணக்கேடு எதுவும் இல்லாதபோது, அந்த மொழி நம் வீடுகளுக்குள் வர வழியில்லை. அவர்களுடைய பழம்பெயர் மட்டும் வந்திருக்கிறது. பிரான்ஸ் நாட்டுக்குப் பெயர் தந்த பிராங்க் என்ற ஜாதியாரின் பெயரை அராபியர் ஐரோப்பியர் அனைவருக்கும் பொதுவாக்கி வழங்கினார்கள். அது பாரசீகத்தில் பிரங்கியாகி, நம்மிடம் ஐரோப்பியரைக் குறிக்கும் பறங்கியாகவும், அவர்கள் கொண்டுவந்த ஆயுதத்தைக் குறிக்கும் பீரங்கியாகவும் இரண்டாகப் பிரிந்தது. ஓசூர்க் கோட்டையை 1791-இல் கைப்பற்றிய, கும்பினிச் சேனைத் தலைவர் கார்ன்வாலிஸின் படை கொண்டுவந்ததும் அந்தப் பெயரைத்தான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சொற்களை விலக்கித் தமிழ்ச் சொற்களை வைக்கும் முயற்சி தோன்றியது. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும், 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், அதன்பின் வந்த அரசுகளின் உறுதியும் சேர்ந்து, ஜில்லாவை மாவட்டமாகவும், தாலுகாவை வட்டமாகவும், பிர்க்காவைக் குறுவட்டமாகவும், தாசில்தாரை வட்டாட்சியராகவும், ஜமாபந்தியை வருவாய்த் தீர்வாயமாகவும் மாற்றின. இங்கிலாந்திலும் இத்தகைய ஆசை கொண்டவர் இருந்தார். டார்செட் பிரதேசத்துக் கவியும் பாதிரியாருமான வில்லியம் பார்ன்ஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிரெஞ்சும் லத்தீனும் கலவாத ஆங்கிலத்துக்காகத் தம் வாழ்நாளெல்லாம் உழைத்துப் புதுச்சொற்களை ஆக்கித் தந்தார். அவற்றில் ஏறக்குறைய ஒன்றுகூட நிலைக்கவில்லை. பார்ன்ஸ் தோற்ற காரியத்தில் தமிழர் பாதிக்கு மேல் வென்றிருக்கிறார்கள். பார்ன்ஸிடம் இருந்தது பேனா மட்டும். இங்கே அரசாங்கமே துணை நின்றது. காகிதத்தின் வழியே வந்த ஜில்லா, காகிதத்தின் வழியே போயிற்று. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிறந்த சிறுவனுக்கு ஜில்லா என்ற சொல் பழங்கதையில் கேட்பதாகிவிட்டது.

ஆனால் காகிதத்தை விட்டு இறங்கி அடுக்களைக்கும் சந்தைக்கும் போய்விட்ட சொற்களை எந்த ஆணையும் தொட முடியவில்லை. பற்றுச்சீட்டு என்று அச்சடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டே அதை ரசீது என்கிறோம். வழக்கறிஞர் என்று பலகையில் எழுதியிருப்பவரை வக்கீலய்யா என்று கூப்பிடுகிறோம். ஜாஸ்தி, கம்மி, உஷார், தயார், குஷி, தராசு, சாமான் ஆகியவை இல்லாமல் ஒரு நாள் பேசிப்பார்க்கும் ஒருவர், அவை எவ்வளவு ஆழத்தில் வேரூன்றியுள்ளன என்பதை உணர்வார். தமிழ்ச் சொல் தமிழ்நாட்டு அலுவலகத்தில் ஆளவேண்டும் என்பதில் எமக்கு முழுச் சம்மதம். தாலுகாவைவிட வட்டம் அழகிது, தெளிவானதும்கூட. அதே சமயம், நூற்றைம்பது வருஷம் நம் குடியானவர்களின் கஷ்ட நஷ்டங்களைச் சுமந்து பழகிய பாக்கியையும் வாய்தாவையும் அந்நியர் என்று தள்ளுவது, அந்தக் குடியானவர்களின் சரித்திரத்தில் ஒரு பகுதியைத் தள்ளுவதாகும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கணக்கேட்டின் உள்ளே ஒரு பாரசீக வழிச் சொல் மட்டும் அசையாமல் வீற்றிருக்கிறது. அதுவே பசலி. அறுவடை என்று பொருள்படும் ‘ஃபஸல்’ என்பதிலிருந்து பிறந்து, அக்பர் பாதுஷா காலத்தில் வரி வசூலுக்கென ஏற்பட்ட இந்த ஆண்டு, தமிழ்நாட்டில் ஜூலை முதல் தேதி பிறந்து ஜூன் முப்பதில் முடிகிறது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலானது பசலி 1434. ஓசூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் கோடையில் தீர்வாயம் நடக்கையில், தூய தமிழில் அச்சடித்த அறிவிப்பின் தலையில் பசலி எண் நிற்பதைக் காணலாம். பிரிட்டிஷ் பார்லிமெண்டில் மசோதாவுக்கு மன்னர் ஒப்புதல் அளித்ததை இன்றும் நார்மன் பிரெஞ்சு வாசகத்தால் அறிவிக்கிறார்கள். அதற்கு இணையானது இது.

1980-ஆம் ஆண்டு நவம்பரில் முன்சீப், கர்ணம் பதவிகள் சட்டத்தால் நீக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். 2017 ஜூலை முதல் தேதி சரக்கு சேவை வரி அமலானபோது, ஜூஜுவாடியில் லாரிகள் வரிசை கட்டி நின்ற வணிகவரிச் சோதனைச்சாவடியின் வேலையும் முடிந்தது. சிப்காட் தொழிற்பேட்டையில் சம்பளச் சீட்டு வாங்கும் இளைஞர்களின் கணக்கேடு இன்று ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆபீஸ், கம்பெனி, பில், டிக்கெட், டாக்ஸ் என்று அதில் வருபவற்றில் பாதி, வில்லியமின் எழுத்தர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் ஆங்கிலத்துக்குக் கொடுத்த பிரெஞ்சுச் சொற்கள். அந்தக் கதையை வரப்போகும் அத்தியாயங்களில் தொழிற்பேட்டையின் பிறப்போடு சேர்த்துச் சொல்வோம்.

அதற்கு முன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, சூளகிரிப் பக்கங்களில் பழைய கர்ணம், முன்சீப் குடும்பங்களின் பரண்களில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதிய கணக்குக் கட்டுகளும், கிஸ்தி ரசீதுகளும், ராஜிப் பத்திரங்களும் இன்னும் கிடக்கின்றன. பழைய தாள்தானே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கறையான் அரிக்க விட்டுவிடாதீர்கள். படம் எடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பியுங்கள்.